உப்பின பேட்டரியை அமுக்கிப் பார்க்காதீர்கள்

ட்ரோனில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் காரைக்குடியில் நம் ஆட்களிடம் வாய்விட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கானாடுகாத்தான், கல்யாண வீடியோ எடுப்பவர்): அண்ணே, பேட்டரி லேசாக உப்பியிருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் பறக்கிறது. இன்னும் இரண்டு முகூர்த்தம் ஓட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயுவாகி, வெளியே போக வழியில்லாமல்தான் பை உப்புகிறது. அது பழைய நிலைக்குத் திரும்பாது. இதைப் பார்க்கத் தனிக் கருவி வேண்டாம், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை போதும். பேட்டரி பேக்கைப் படுக்க வைத்து ஒரு மூலையை விரலால் லேசாகத் தொடுங்கள். நல்ல பேக் அசையாது, உப்பினது தொட்டில் மாதிரி ஆடும். பறந்து இறங்கின சூட்டில் கொஞ்சம் மெத்தென்று இருப்பது வேறு. ஆறின பிறகும் ஆடினால் அதன் கதை முடிந்தது. அமுக்கிப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டேன் என்று ஒருவர் என்னிடமே பெருமையாகச் சொன்னார், அவர் முழுசாக இருப்பது குலதெய்வத்தின் தயவு. டி.ஜே.ஐ கம்பெனி ட்ரோனில் வருவது மாதிரி கெட்டி உறை போட்ட பேட்டரியில் உப்பல் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. சொருகும்போது வழக்கத்தைவிட இறுக்கமாகப் போகிறதா, டக்கென்று பூட்டுகிறதா என்று பாருங்கள். சரியாகப் பூட்டாத பேட்டரி நடுவானில் கழன்றால் கீழே நிற்பது சம்பந்தி வீட்டார்.

கேள்வி (தேவகோட்டை, கல்லூரி மாணவர்): புதிதாக 4எஸ் 1500 எம்.ஏ.ஹெச் பேக் வாங்கினேன். சார்ஜர் எத்தனை ஆம்பியர் என்று கேட்கிறது, என்ன கொடுப்பது?

1.5 ஆம்பியர். 1500 எம்.ஏ.ஹெச் (மில்லி ஆம்பியர் ஹவர்) என்றால் 1.5 ஆம்பியர் ஹவர். கொள்ளளவு எத்தனை ஆம்பியர் ஹவரோ அத்தனை ஆம்பியர், இதைத்தான் 1சி என்கிறார்கள். லேபிளில் 3சி, 5சி வரை சார்ஜ் செய்யலாம் என்று போட்டிருந்தாலும் அவசரமில்லாத நாளில் 1சியே போதும், ஒரு மணி நேரம் போல ஆகும். பெரிய வயரோடு, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்க உதவும் மெல்லிய வயர்க்கொத்தான பேலன்ஸ் லீடையும் கட்டாயம் சொருகுங்கள். அது இல்லாவிட்டால் சார்ஜர் மொத்த வோல்ட்டை மட்டும் பார்க்கும். 4எஸ் என்றால் நான்கு செல், மொத்தம் 16.8 வந்ததும் நிறுத்திவிடும்; அதற்குள் ஒரு செல் 4.3க்குப் போயிருக்கலாம், இன்னொன்று 4.1லேயே நிற்கலாம்.

சார்ஜரில் லிப்போ என்றும் ஹெச்.வி (ஹை வோல்டேஜ்) என்றும் இரண்டு வகை இருக்கும். சாதாரண லிப்போ செல்லுக்கு 4.20 வோல்ட் எல்லை, ஹெச்.விக்கு 4.35. எனக்கே ஒருமுறை அவசரத்தில் பட்டன் மாறிப்போய் ஹெச்.வியில் ஓடியது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் திரையில் 4.26 என்று வந்ததைப் பார்த்துப் பிடுங்கினேன். அன்று டீ குடிக்கப் போயிருந்தால் இதை எழுதுகிற மனநிலையில் இருந்திருக்க மாட்டேன்.

கேள்வி (பள்ளத்தூர், ஓர் ஆச்சி): பேரன் ராத்திரி ரூமில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறான் தம்பி. எங்களுடையது பழைய வீடு, கதவு, தூண், விட்டமெல்லாம் பர்மாத் தேக்கு. பயமாக இருக்கிறது.

நீங்கள் பயப்படுவது சரிதான் ஆச்சி. பேரன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ராத்திரி சார்ஜை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். லிப்போ தீப்பிடித்தால் விளக்கு எரிவது போல மெதுவாக எரியாது. முதலில் உஸ்ஸென்று புகை, சில நொடியில் பீச்சியடிக்கும் தீ. ஒரு செல்லின் சூட்டில் அடுத்த செல்லும் பிடித்துக்கொள்ளும். விழித்திருந்தால் அந்தப் புகையைப் பார்க்கலாம், தூங்கினால் முடியாது.

சார்ஜ் போட உங்கள் வீட்டிலேயே நல்ல இடம் இருக்கிறது. வளவு முற்றத்தின் ஓரம், கல் தரை, வெயில் படாத நிழல், தலைக்கு மேல் மர விட்டம் இல்லாத இடம். வாய் அகன்ற மண்பானையில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணலைப் போட்டு அதன்மேல் பேக், சார்ஜர் பானைக்கு வெளியே. இறுக்கி மூடக் கூடாது, வாயு அடைபட்டால் பானையே வெடிக்கும். பக்கத்தில் இன்னொரு வாளி மணல். புகை வந்தால், கைக்கு எட்டுகிற தூரத்தில் சுவிட்ச் இருந்தால் அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், 101க்குப் போன் போடச் சொல்லுங்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, பேட்டரியைக் காப்பாற்ற யாரும் உள்ளே ஓட வேண்டாம்.

கேள்வி (குன்றக்குடி): பறந்து இறங்கியதும் சூடாக இருக்கும்போதே அடுத்த சார்ஜ் போடலாமா?

கூடாது. உள்ளங்கையில் வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது என்பது பொதுவான எல்லை. சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்தின கார் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும், அதனால் காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டு மலைக்கோயில் ஏறாதீர்கள்.

கேள்வி (புதுவயல்): புளியமரத்தில் மோதி விழுந்தது. பேட்டரி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

உடனே வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வெட்டவெளியில் மண்ணில் வைத்துவிட்டு அரைமணி நேரமாவது தள்ளி உட்காருங்கள், சில பேக் நிதானமாகத்தான் புகையும். பிறகு மூலைகள் நசுங்கியிருக்கிறதா, உறை கிழிந்திருக்கிறதா, வயர் தோல் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள்: நகப்பூச்சு போல லேசான இனிப்பு வாசனை வந்தால் பை ஓட்டையாகியிருக்கிறது. கடைசியாக ஒவ்வொரு செல்லின் வோல்ட். 4.18, 4.19, 4.18, 4.02 என்று காட்டினால் நாலாவது செல் அடிபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (காரைக்குடி): ஒரு செல் 2.3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. நிக்கல் பேட்டரி மோடில் கொஞ்சம் ஏற்றினால் உயிர் வரும் என்று வீடியோவில் பார்த்தேன். இல்லையென்றால் நம்மூர் சிக்ரியில் கொடுத்தால் சரிசெய்து தருவார்களா?

வீடியோவில் வருவது போல உயிர் வரும், அதுதான் ஆபத்து. செல் அளவுக்கு மீறிக் காலியானால் உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். சார்ஜர் ஏற்க மறுக்கிறதென்றால் அது உங்கள் நன்மைக்குத்தான். இனிமேல் செல்லுக்கு 3.5 வந்ததும் இறக்கிவிடுங்கள்.

சிக்ரி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தம்பி, ரிப்பேர் கடை இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற ஊரில் இருந்துகொண்டு செத்த செல்லுக்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறோம் நாம்.

கேள்வி (கொத்தமங்கலம்): ஆடி மாதம் முழுக்க வேலையில்லை. பேட்டரிகளை ஐயா காலத்து இரும்புப் பெட்டியில் வைக்கலாமா?

நகையை வையுங்கள், பேட்டரி வேண்டாம். காற்றுப் போகாத பெட்டி, பக்கத்தில் வீட்டுப் பத்திரங்கள் வேறு இருக்கும். எங்கே வைப்பது என்பதைவிட எந்த வோல்ட்டில் வைப்பது என்பது முக்கியம். சார்ஜரில் ஸ்டோரேஜ் மோட் போட்டுச் செல்லுக்கு 3.80 முதல் 3.85 வரை கொண்டுவந்து, வெயில் படாத அலமாரியின் கல் தட்டில் தனியாக வைத்துவிடுங்கள். முழு சார்ஜில் ஒரு மாதம் கிடந்த பேக்தான் ஆவணியில் உப்பி எழுந்திருக்கும்.

கேள்வி (தேவகோட்டை): திருச்சியிலிருந்து விமானத்தில் கொண்டுபோக?

உதிரி பேட்டரி கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகளில் டேப் ஒட்டுங்கள். 100 வாட் ஹவர் வரை பொதுவாக விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டியதில்லை. லேபிளில் போட்டிருக்கும் வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வருவதுதான் வாட் ஹவர்; மேலே சொன்ன 4எஸ் 1500 வெறும் 22.2தான். லேபிள் கிழிந்த பேக்கை மட்டும் கொண்டுபோகாதீர்கள், செக்கிங்கில் நின்று பெருக்கல் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.