3 அடி மண்ணைச் செங்கல் காளவாசலுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: தேவகோட்டை பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் எங்களுக்கு 2 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. 3 அடி மண் எடுத்துக்கொள்ள ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் தருவதாகக் காளவாசல்காரர் சொல்கிறார். பக்கத்து வயல்காரர் போன வருசமே கொடுத்துவிட்டார். அதிலிருந்து எங்கள் வயலில் தண்ணீர் நிற்பதில்லை. நாங்களும் கொடுத்துவிடலாமா? அப்பா வேண்டாம் என்கிறார்.

பதில்: தம்பி, அப்பா பேச்சைக் கேளுங்கள்.

முதலில் விலையைப் பார்ப்போம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 3 அடி ஆழம் என்றால் 1,306 யூனிட் மண், ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஒன்றரை லட்சத்தை அதால் வகுத்தால் யூனிட்டுக்கு 115 ரூபாய்தான் வருகிறது. ஏக்கர் கணக்கில் மொத்தமாகச் சொல்லும்போது பெரிய தொகையாகத் தெரியும், அதனால்தான் அப்படிப் பேசுகிறார்கள்.

விலை கூடுதலாகக் கிடைத்தாலும் என் பதில் இதுதான். பயிருக்குச் சோறு போடுவது மேலே உள்ள அரை அடி மண். ஒரு ஏக்கரில் அந்த அரை அடி மட்டும் சுமார் 850 டன் இருக்கும். அதில் கரிமச்சத்து, அதாவது மக்கிய இலைதழையில் உள்ள கார்பன், அரை சதவீதம் என்று வைத்தாலே கூடவே 400 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) போகிறது, கிட்டத்தட்ட 20 மூட்டை யூரியா. மூட்டை 266 ரூபாய் 50 காசுதானே, வாங்கிப் போட்டுக்கொள்வோம் என்று நினைக்காதீர்கள். அது மானியம் போக நாம் கொடுக்கும் விலை, உண்மையான விலை அதைவிடப் பல மடங்கு. அதோடு, மழை 10 நாள் தள்ளிப்போனால் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பயிரைக் காப்பாற்றுவது மண்ணில் மக்கிக் கிடக்கும் இலைதழைதான், யூரியா இல்லை. அந்த மேல்மண்ணைச் சுரண்டிவிட்டால் அடியில் வளமில்லாத மண்தான் மிஞ்சும். ஓர் அங்குல மேல்மண் உருவாக இயற்கைக்குப் பல நூறு வருசம் வேண்டும்.

இன்னொன்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வயல் பள்ளமானதால் உங்கள் தண்ணீர் வரப்புக்கு அடியில் கசிந்து அங்கே இறங்குகிறது. அவருக்குப் பணம் வந்தது, நட்டம் உங்கள் தலையில் விழுந்தது. சுற்றுச்சூழல் பொருளாதாரத்தில் இதைப் புறச்செலவு என்பார்கள், அதாவது விற்பவரும் வாங்குபவரும் பேசிய விலைக்குள் வராமல் மூன்றாவது ஆள் சுமக்கும் செலவு. நீங்களும் தோண்டினால் அடுத்த வயல்காரருக்கு இதே கதி, ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் பள்ளத்துத் தண்ணீருக்கு வடிய வழியும் இருக்காது. ஒரு மடையில் நாலு வயல் இப்படிப் போனால், கண்மாய் நிறைந்தும் பாசனம் கெட்டுவிடும். பட்டா நிலம் என்றாலும் அனுமதி இல்லாமல் மண் எடுக்கக் கூடாது, அதையும் மனதில் வையுங்கள்.

வயலில் தண்ணீர் ஏறாத மேடு ஏதாவது இருந்தால் அது வேறு விசயம். மேல் அரை அடியைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, அனுமதி வாங்கி அடிமண்ணை மட்டும் எடுத்து, ஒதுக்கியதைத் திரும்பப் பரப்பிவிடலாம். மேடு குறையும், வளமும் போகாது.

பணத்துக்கு நெருக்கடி என்றால் உங்கள் பட்டாவில் சீமைக்கருவேலம் நிற்கிறதா பாருங்கள். கரி மூட்டம் போடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள், வேரோடு எடுத்தால் நிலமும் மீளும். வயலுக்கு வளம் கூட்ட, கோடையில் கண்மாய் வற்றியதும் தாசில்தார் அனுமதி வாங்கி வண்டல் மண் எடுங்கள், விவசாயத்துக்கு இலவசம்தான், வண்டிக்கூலி மட்டும் ஆகும். கோடை மழை கிடைத்தால் தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து 45 நாளில், பூக்கும் சமயத்தில், மடக்கி உழுதுவிடுங்கள்.

அப்புறம் பக்கத்து வயல்காரரின் பள்ளத்தை ஒட்டிய ஓரம். பழைய வரப்பிலிருந்து 3 அடி உள்ளே தள்ளி இன்னொரு வரப்பு போட்டு, களிமண் வைத்து நன்றாக மிதித்து இறுக்குங்கள். வெளி வரப்பில் வெட்டிவேர் நட்டால் சரிவு நிற்கும். இந்த வேலையை விதைப்புக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், மழை இறங்கிவிட்டால் அந்த ஓரத்தில் கால் வைக்க முடியாது.