ஒருமனப்படுவதும் கால் கழுவுவதும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என மூன்று சபைகளைச் சேர்ந்த வாலிபர்கள் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினோம். பக்கத்தில் இருக்கும் தொழுநோயாளர் குடியிருப்புக்கு வாரம் ஒருநாள் போய், காலில் ஆறாத புண் உள்ளவர்களுக்கு உதவுவது திட்டம். மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் ஒருநாள்கூடப் போகவில்லை. போகும் முன் ஜெபிக்க வேண்டும், அதை யார் நடத்துவது? ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்பதா, ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்பதா? அங்கிருந்து ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டோம். தண்ணீர் தெளித்துக் கொடுத்தது செல்லாது, முழுக்குதான் செல்லும் என்று ஒருவர் சொல்ல, இரண்டு பேர் குழுவை விட்டே விலகினார்கள். ‘இரண்டுபேர் ஒருமனப்பட்டிருந்தாலொழிய ஒருமித்து நடந்துபோவார்களோ’ என்று ஆமோஸ் 3:3-ஐக் காட்டுகிறார்கள். சத்தியத்தில் ஒன்றுபடாமல் ஊழியத்தில் ஒன்றுபட முடியுமா? உபதேசத்தை விட்டுக்கொடுத்துவிட்டுச் செய்யும் சேவை வெறும் சமூகசேவை ஆகிவிடாதா?

எஸ்., தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எந்த உபதேசத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். தெளிப்பா முழுக்கா என்பது அற்பக் கேள்வி என்று சொல்லவும் மாட்டேன். பல சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவாவதற்கான பேச்சு 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கி, 1947 செப்டம்பர் 27 அன்றுதான் முடிந்தது. பேராயர்கள் வேண்டுமா, யார் தலையில் யார் கைவைத்தால் குருப்பட்டம் செல்லும் என்றெல்லாம் 28 வருடம் பேசினார்கள். பொறுமையாகப் பேசவேண்டிய விஷயம்தான் அது. ஆனால் அந்த 28 வருடமும் வேலூரில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அவர் சார்ந்த ரிஃபார்ம்டு சபை மட்டுமல்ல, வெவ்வேறு சபைகளின் மிஷன்களும் பெண்கள் சங்கங்களும் அதற்குப் பணம் திரட்டின. ஞானஸ்நானத்திலும் திருவிருந்திலும் ஒத்துப்போகாதவர்கள், அறுவைக்கூடத்துக்கு எத்தனை மேஜை என்பதில் ஒத்துப்போனார்கள்.

அறுவை மருத்துவர் பால் பிராண்டையும் பாருங்கள். கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். விசுவாசித்து முழுக்கு எடுத்தவருக்கே அப்பமும் ரசமும் என்று கறாராக இருக்கும் சபை அது. உங்கள் குழுவில் வாதம் செய்பவரைவிடக் கறாரான வீட்டிலிருந்து வந்தவர் என்றே சொல்லலாம். அவர் 1946-இல் வேலூருக்கு வந்து, குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளிப்பவர்களோடு ஒரே மேஜையில் நின்று, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவையை வளர்த்தெடுத்தார். பிறகு 1955-இல் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆய்வு மருத்துவமனையும் வந்தது.

கத்தோலிக்கரோடு எப்படி என்று கேட்பவருக்கு ஒன்று. ஹவாயின் மொலோக்காய் தீவில் தொழுநோயாளர்களோடு வாழ்ந்து அந்நோயையே பெற்ற கத்தோலிக்கக் குரு தமியான் அடிகளைத் தேடி, 1888 டிசம்பரில் எட்வர்ட் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலிக்க ஓவியர் கப்பலேறிப் போனார். கையில் கொண்டுபோனது துண்டுப்பிரசுரம் அல்ல, குர்ஜன் என்ற மரத்தின் எண்ணெய். அந்தமானில் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கலந்து நோயாளிகளுக்குத் தேய்க்கக் கொடுத்துவந்தார். அந்த எண்ணெய் நோயைக் குணமாக்கவில்லை. அடிகள் 1889 ஏப்ரலில் இறந்துபோனார். மருந்துதான் தவறு, கப்பலேறியது தவறல்ல.

இனி உங்கள் குடியிருப்புக்கு வருகிறேன். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் இப்போது நோயாளிகளே அல்ல. 1982-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்து, நோயின் வகையைப் பொறுத்து 6 மாதத்திலோ 12 மாதத்திலோ கிருமியை ஒழித்துவிடுகிறது. செத்துப்போன நரம்பு மட்டும் திரும்பி வருவதில்லை. அதனால் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் இருக்கும் ‘குஷ்டரோகி’ என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

காலில் புண் வருவது நோய் சதையைத் தின்பதால் அல்ல. நமக்குச் செருப்பில் ஒரு கல் சிக்கினால் இரண்டாவது அடியில் நின்றுவிடுவோம். நரம்பு செத்துக் காலில் உணர்ச்சி இழந்தவரோ அன்று முழுக்க அதன்மேல் நடப்பார். கல்லே இல்லாவிட்டாலும், நாம் நம்மை அறியாமல் பாரத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றி நடக்கிறோம். அவருக்கு அந்த மாற்றல் கிடையாது. முன்பாதத்தில், விரல்களின் அடியில் இருக்கும் எலும்பு முனையில் ஒவ்வோர் அடியும் ஒரே இடத்தில் விழுகிறது. அங்கே தோல் காய்ப்புப் பிடிக்கும். அந்தக் காய்ப்பே கல்லாகி உள்ளே அழுத்தும், அடியில் ரத்தம் கட்டி ஒருநாள் உடையும். ஆகவே புண்ணுக்கு முதல் மருந்து ஓய்வு. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்புவதும் இதற்காகத்தான். பல வாரம் அந்த இடத்தில் பாரம் விழாமல் இருந்தால் புண் தானாக மூடிக்கொள்ளும்.

ஆமோஸ் வசனம் சொன்னவரிடம் சொல்லுங்கள், இந்த ஊழியத்தில் ஒருமித்து நடந்துபோகும் பேச்சே இல்லை, அவர்களை நடக்கவைக்கவே கூடாது. நல்லெண்ணக் குழுக்கள் செய்யும் முதல் தவறு, அரிசிப் பை கொடுக்க எல்லோரையும் சமுதாயக் கூடத்துக்கு வரச்சொல்வது. புண்ணோடு அரை கிலோமீட்டர் நடந்து வந்து, அந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு அரை கிலோமீட்டர் திரும்பிப்போவார்கள். ஒரு வாரம் ஆறிய புண் அன்றைக்கே திறந்துவிடும். நீங்கள்தான் வீடு வீடாகப் போகவேண்டும். அடுத்த தவறு, சிமெண்டுத் தரையில் ஒரு மணி நேரம் சம்மணமிட்டு உட்காரவைத்து ஜெபக்கூட்டம் நடத்துவது. வெளிக்கணுக்கால் தரையில் அழுந்தும், உணர்ச்சி இல்லாதவருக்கு அங்கே புதுப்புண் வரும். கூட்டம் முடிந்து எவர்சில்வர் டம்ளரில் சுடச்சுடத் தேநீர் கொடுப்பார்கள். மறுநாள் விரல்களில் கொப்புளம். கைப்பிடி வைத்த கோப்பையில் கொடுங்கள். ஜெபத்தை யார் நடத்துவது என்று மூன்று மாதம் பேசியவர்கள், ஜெபிக்கும்போது அவர் எதன்மேல் உட்கார்ந்திருப்பார் என்று ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம்.

வேலை இதுதான். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், முடிந்தால் வெவ்வேறு சபையிலிருந்து. கணுக்கால் முழுகும் ஆழமுள்ள ஒரு பேசின், ஆளுக்குப் புதுத் தண்ணீர். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பும் செத்துவிட்டதால் தோல் வறண்டு பித்தவெடிப்பு விழும். அதனால் 20 முதல் 30 நிமிடம் காலை ஊறவைக்க வேண்டும். உப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர். ஊறிய காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து எடுங்கள். பிளேடைத் தொடாதீர்கள், அவர் ‘ஆ’ என்று சொல்லமாட்டார், ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். விரலிடுக்கை மட்டும் நன்றாகத் துடைத்துவிட்டு, மற்ற இடத்தில் ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெயையோ வாசலினையோ தடவுங்கள். எண்ணெய் ஈரத்தை உண்டாக்காது, உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். புண் இருந்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, தளர்வாகக் கட்டினால் போதும். ஸ்பிரிட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஊற்றி நுரை வருவதை ரசிக்காதீர்கள், புதிதாக வளரும் சதையும் அதில் கருகும். புண் நாறினாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, எலும்பு தெரிந்தாலோ ஊறவைக்கவே வேண்டாம், ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

புறங்கையால் பாதம் முழுக்கத் தடவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுற்றிலும் இருப்பதைவிடச் சூடாக இருந்தால், அடுத்த புண் அங்கேதான் வரப்போகிறது. இரண்டாவது ஆள் நோட்டில் பாதத்தின் படம் வரைந்து, புண் எங்கே, எத்தனை மில்லிமீட்டர் என்று வாராவாரம் குறிக்கட்டும். நான்கு வாரத்தில் சுருங்காவிட்டால் அவர் நடந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம், அல்லது உள்ளே எலும்பில் கோளாறு. உங்கள் குழு நிஜமாக விவாதிக்க வேண்டியது அந்த நோட்டை வைத்துத்தான்.

ஹவாய் செருப்பு வாங்கிக் கொடுக்காதீர்கள். விரலால் பற்றி நடக்கும் செருப்பு அது. கழன்று விழுந்தது தெரியாமலே வெறுங்காலோடு வீடு வந்து சேர்வார், வார் விரலிடுக்கை அறுத்ததும் தெரியாது. வேண்டியது எம்.சி.ஆர். செருப்பு: மேலே மெத்தென்ற நுண்துளை ரப்பர், கீழே முள் ஏறாத கெட்டி அடித்தட்டு, குதிகாலில் பின்வார். ஆணி ஒன்றுகூட இருக்கக்கூடாது. தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் அரசே இதை இலவசமாகத் தருகிறது. வாங்கித் தருவதைவிட, அளவு எடுத்து, விண்ணப்பம் எழுதி, கூடவே போய் நிற்பதுதான் உங்கள் வேலை. புதுச்செருப்பை முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் போடச்சொல்லிக் காலைப் பாருங்கள்.

இரவில் எலி வருகிறதா என்றும் கேளுங்கள். அறுவை செய்து நிமிர்த்திய விரல்கள் காலையில் கடிபட்டிருந்ததன் காரணத்தை பிராண்டின் ஆட்கள் ராத்திரி விழித்திருந்து கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூனையும் கொடுத்தனுப்பினார்கள். பூனை எந்தச் சபை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜெபம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புறப்படும் முன் அவரவர் சபையில் அவரவர் சொற்களில் செய்துவிட்டு வாருங்கள். ஜெபமோ செபமோ, எழுத்து உங்கள் விருப்பம். அந்த வீட்டில் அவர் கேட்டால் மட்டும் ஜெபியுங்கள், அவருக்குப் பழக்கமான சொற்களில். அங்கே இந்துக்களும் இஸ்லாமியரும் இருப்பார்கள். தன் காலை உங்கள் கையில் கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஒருவரால் ‘வேண்டாம்’ என்று சொல்லமுடியாது. அந்த நேரத்தில் நீட்டும் பிரசுரம் சாட்சி அல்ல, நெருக்குதல். பேனரும் வேண்டாம். பெயர் இல்லாவிட்டால் யார் பெயர் முதலில் என்ற சண்டையும் இல்லை.

‘வெறும் சமூகசேவை’ என்ற பயத்துக்கு லூக்கா 10-ஐத் திறந்துபாருங்கள். வேதம் கற்ற ஒருவர் ‘எனக்குப் பிறன் யார்’ என்று வரையறை கேட்கிறார். பதிலாக வரும் நல்ல சமாரியன் கதையில் இருப்பது எண்ணெய், திராட்சரசம், காயக்கட்டு, சொந்த வாகனம், சத்திரம், இரண்டு பணம், மேலே செலவானால் திரும்பிவரும்போது தருகிறேன் என்ற கணக்கு. எந்த மலையில் தொழுவது என்று யூதருக்கும் சமாரியருக்கும் இருந்த வழக்கு அந்தக் கதையில் தீர்க்கப்படவே இல்லை.

பெரிய வியாழன் அன்று கத்தோலிக்கக் கோவில்களில் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார்கள், பெரும்பாலும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்த கால்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் திருவிருந்துக்கு முன் ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள். அது நியமமா அடையாளமா என்று அதற்கும் ஒரு வாதம் உண்டு. உங்கள் குழுவில் அதைத் தொடங்க விரும்புகிறவர் தொடங்கட்டும், காய்ப்பைத் தேய்த்துக்கொண்டே. 20 நிமிடம் இருக்கிறது.

விலகிப்போன இருவரையும் கூப்பிடுங்கள். கொள்கை விளக்கம் கொடுக்காமல், சனிக்கிழமை மாலை இரண்டு பேசின் குறைகிறது என்று சொல்லிக் கூப்பிடுங்கள். வந்தால் முதலில் ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். குளிர்காலமென்று யாராவது அன்பாக வெந்நீர் கலப்பார்கள். சூடு சரியா என்று அவரிடம் கேட்காதீர்கள், சரி என்றுதான் சொல்வார். உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள்.