மாமா சொன்ன சீட்டும் தடைக்காலத்துக் கணக்கும்

மே மாதம் பாம்பனிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். மஞ்சப்பையிலிருந்த சான்றிதழ்களை எல்லாம் மேசையில் பரப்பிவிட்டுச் சொன்னார்: "டீச்சர், வெளிமாநிலத்துல எம்பிபிஎஸ் சீட்டு இருக்காம். எங்க அண்ணன் பஹ்ரைன்ல இருந்து சொல்றாரு. படகை வித்தாவது சேர்த்துவிடு, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேங்கிறாரு."

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கரையில்தான் நிற்கும், கையில் காசு புரளாது. அந்த நேரம் பார்த்துத்தான் அட்மிஷன் ஏஜென்ட்டுகளும் போன் போடுவார்கள். பயப்படாதீர்கள், ஒரு வருஷம் இருக்கிறது என்று முதலில் சமாதானம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் போனில் இருந்த ஏஜென்ட்டின் வாட்ஸப் செய்தியைக் காட்டினார். "அரசு கோட்டாவிலேயே வாங்கித் தருகிறோம், நேட்டிவிட்டி சான்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." சமாதானம் சொல்வதை அதோடு நிறுத்திவிட்டேன்.

எந்த மாநிலத்து அரசு மருத்துவக் கல்லூரியிலும் 85 சதவீத இடம் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. வெளியாளுக்கு மிச்சமுள்ள 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீடுதான், அதுவும் நீட் ரேங்க் படி மட்டுமே. ஏஜென்ட்டால் அதில் ஒன்றும் செய்ய முடியாது. பாம்பனில் பிறந்து வளர்ந்து படித்த பிள்ளைக்கு இன்னொரு மாநிலத்தின் இருப்பிடச் சான்று என்றால் அது பொய்ச் சான்று. மாட்டினால் சீட்டும் போகும், வழக்கும் வரும். சரி, நேர்வழியில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கலாம் என்றால் பல இடங்களில் வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். படகை விற்றால் முதல் வருஷம் தாண்டுமா? தடைக்காலம் முடிந்த பிறகு அவள் அப்பா எதில் ஏறிக் கடலுக்குப் போவார்? இதைக் கேட்டதும் அந்த அம்மா சேலைத் தலைப்பை முறுக்கத் தொடங்கிவிட்டார். கேட்காமல் இருக்க முடியாது.

இவ்வளவு நேரமும் பிள்ளை வாயே திறக்கவில்லை. உனக்கு என்னம்மா பிடிக்கும் என்றால் "தெரியல மிஸ்" என்றாள். பையில் ஒரு ரஃப் நோட்டு இருந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் தேதி, மீன், ஏல விலை என்று கட்டம் போட்டிருந்தாள். அடுத்த பக்கத்தில் காரல் மீனை மட்டும் நான்கு விதமாக வரைந்திருந்தாள். வாயை இழுத்தால் ஒன்றுக்கு மேல்நோக்கி நீள்கிறது, இன்னொன்றுக்குக் கீழ்நோக்கி. நாமெல்லாம் ஒரே கூறாக வாங்கிக் குழம்பு வைக்கிற மீன். மீனியல் படித்தவர்கள் காரல் இனங்களைப் பிரித்தறிவது இந்த வாயை வைத்துத்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

"மீன் நாத்தம் போகணும்னுதானே டீச்சர் படிக்க வைக்கிறோம்" என்றார் அம்மா. அந்த வலி எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் பிள்ளை பக்கம்தான்.

பி.எஃப்.எஸ்சி. என்று நான்கு வருஷப் படிப்பு ஒன்று உண்டு, மீன்வள அறிவியல் பட்டம். மீன் வளர்ப்பு, மீன் நோய், பதப்படுத்துதல், கடல்வளம், பொருளாதாரம் எல்லாம் அதில் வரும். மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டித்தானே ராமநாதபுரத்துக்குப் பஸ் வருகிறது? இந்தியாவிலேயே முதன்முதலாகக் கடல் விராலை, அதாவது கோபியா மீனை, செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்தது அங்கேதான், 2010-இல். அந்த மாதிரி வேலைக்குப் போகிற வழி இது. மீன்வளத் துறை ஆய்வாளர் வேலை, இறால் குஞ்சுப் பண்ணை, ஏற்றுமதி ஆலையில் தரக்கட்டுப்பாடு, மேலே படிக்க மும்பையின் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் என்று கிளைகள் நிறைய.

நம் ஊரில் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினம் பக்கமும் இந்தப் படிப்பு இருக்கிறது, அங்கே கட்டாயம் விண்ணப்பியுங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைக்குத் தனி ஒதுக்கீடு, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 7.5 சதவீதம் என்பதெல்லாம் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். வெளிமாநிலத்துக்குப் போவதென்றால் அதற்கென்றே ஒரு வாசல் இருக்கிறது. மாநில வேளாண், மீன்வளப் பல்கலைக்கழகங்களின் இளநிலை இடங்களில் 20 சதவீதத்தை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஏஆர், அகில இந்திய அளவில் நிரப்புகிறது. மங்களூர் மீன்வளக் கல்லூரி 1969-இல் தொடங்கியது, நாட்டின் முதல் மீன்வளக் கல்லூரி. கொச்சி பனங்காட்டில் கேரள மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டுமே அரசுடையவை. இந்த வழியில் சொந்த மாநிலத்தை விட்டு வெளியே சேருகிறவர்களுக்கு மாதா மாதம் உதவித்தொகையும் உண்டு, மார்க்கைக் காப்பாற்றினால் தொடரும். வெளியாள் என்பதற்காகவே காசு கொடுக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

2023 முதல் இதற்கு க்யூட் தேர்வுதான், பல்கலைக்கழகங்களில் சேர அகில இந்திய அளவில் நடக்கிற பொது நுழைவுத் தேர்வு. தமிழிலேயே எழுதலாம். பிளஸ் டூ பாடங்கள் என்சிஇஆர்டி, அதாவது மத்தியப் பாடநூல் அளவில் வரும். சரியான விடைக்கு 5 மார்க், தப்புக்கு 1 குறையும். விண்ணப்பத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் டிக் செய்யாமல் ஆங்கிலமும் ஜெனரல் டெஸ்ட் என்கிற பொது அறிவுத் தாளும் மட்டும் போட்டுவிட்டு வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தேர்வு எழுதியதோடு முடிந்துவிடாது, ஐசிஏஆர் கலந்தாய்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

பேப்பர் விஷயம்தான் பலருக்குக் காலை வாரும். மேசையில் இருந்த சாதிச் சான்று தமிழ்நாட்டுக்கானது. பிசி, எம்பிசி எல்லாம் இங்கேதான். மத்திய ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி நான்-கிரீமிலேயர் சான்று, அதாவது வசதி வரம்பைத் தாண்டாத பிற்படுத்தப்பட்டோர் என்கிற சான்று வேண்டும், உங்கள் சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து இ-சேவையில் போடுங்கள். அந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். தடைக்காலத்தில் அப்பா வீட்டில்தானே இருப்பார், அலையட்டும். இந்தப் பிள்ளையின் ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் விரிந்து கிடக்கிறது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முன்னால் ஒற்றை எழுத்து. இதை இப்போதே சரிசெய்தாக வேண்டும். பிளஸ் டூ முடிந்ததும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இடப்பெயர்வுச் சான்றும் (மைக்ரேஷன்) வாங்க வேண்டும். வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதைக் கேட்பார்கள்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், ஹாஸ்டல் சாப்பாடு முதல் மாதம் இறங்காது. க்யூட்டில் மார்க் வராமலும் போகலாம். அப்படியானாலும் படகு உங்களிடம்தான் இருக்கும்.

கிளம்பும்போதுதான் அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார், ஏஜென்ட்டுக்கு 25,000 ரூபாய் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதாம். ரசீது இல்லை. அடுத்த தவணை வெள்ளிக்கிழமையாம். போன பணம் வந்தால் பாருங்கள், வெள்ளிக்கிழமை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள் என்றேன். அண்ணனுக்கு என்ன சொல்வது என்றார். மகள் மீன் வரைந்திருந்த அந்த ரஃப் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.