மூட்டு தெரியட்டும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒப்பவில்லை. தாத்தா காலத்து முற்றம் வைத்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அண்ணன் கான்கிரீட் வீடு கட்டினார். சித்திரையில் மாடியறையில் படுக்க முடியவில்லை, ஐப்பசியில் ஒழுகுகிறது. பெரிய கோயில் இருக்கும் மண்ணில் சிமெண்டைக் கலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நானும் வீடு கட்டப்போகிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

ஒழுகலிலிருந்தே தொடங்குகிறேன். திருவாரூர் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்ட அன்று எனக்குப் பத்து வயது. சித்தாள்கள் ஏணியில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பாதித் தளத்தோடு வேலை நின்றது. மறுநாள், காய்ந்து கிடந்த விளிம்பை ஒட்டி அப்படியே மீதியைப் போட்டார்கள். அப்புறம் பூச்சு, சுண்ணாம்பு. வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வோர் அடைமழைக்கும் அதே கோட்டில் ஈரம் கண்டுவிடும். அம்மா அந்தக் கோட்டுக்கு நேர் கீழே வரிசையாகப் பாத்திரம் வைப்பார்.

டாக்காவில் கானுக்கும் இதே சிக்கல்தான். 1962-ல் அவரிடம் வந்தது பாகிஸ்தானின் இரண்டாம் தலைநகரத்துக்கான நாடாளுமன்ற வேலை. அதுவும் டெல்டா, வெள்ளம் நம்மைவிட அதிகம். மூங்கில் சாரத்தில் ஆட்கள் தலைச்சுமையாகத்தான் கான்கிரீட் ஏற்றினார்கள். ஒரு முறை வார்த்தால் சுவர் ஐந்தடி எழும். பழைய ஐந்தடியும் புதிய ஐந்தடியும் சேரும் மூட்டில் கோடு விழுந்தே தீரும். கான் அதைப் பூசி மறைக்கவில்லை. கோடு விழும் இடத்தில் வெள்ளைப் பளிங்குப் பட்டை பதித்தார். சாம்பல் நிறச் சுவரில் அந்தப் பட்டைகளை எண்ணினால் எத்தனை முறை வார்த்தார்கள் என்று சொல்லிவிடலாம். பெயர் தெரியாத அந்த ஆட்களின் உழைப்பு கணக்காக அங்கே நிற்கிறது. அலங்காரம் மூட்டில்தான் தொடங்குகிறது என்று அவர் சொல்லிவந்தார்.

நடுவே 1971 போர் வந்தது, கிழக்கு பாகிஸ்தான் வங்கதேசமாகி நாடே மாறியது. 1974 மார்ச்சில் அகமதாபாத் வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்துபோனார், பெருங்கடனோடு. டாக்கா கட்டடம் முடிந்தது 1982-ல். அவர் அதைப் பார்க்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்திலும் சென்ட்ரிங் பலகைகளைப் பிணைத்த கம்பிகள் விட்ட துளைகளை ஈயத்தால் அடைத்துத் தெரியும்படியே விட்டார். அங்கே மரமே இல்லாத நடுமுற்றத்தில் ஒரு மெல்லிய வாய்க்கால் கடலைப் பார்த்து ஓடுகிறது. அந்தப் படம் கிடைத்தால் பாருங்கள். வாய்க்கால் கரையில் வளர்ந்தவருக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

வெயிலுக்கு வருகிறேன். டாக்காவில் வெளிச்சுவரில் வட்டமும் முக்கோணமுமாகப் பெரிய திறப்புகள். இடம் விட்டு உள்ளேதான் அறைகள். வெயிலும் சாரலும் பெரும்பாலும் வெளிச்சுவரோடு நின்றுவிடும். உங்கள் தாத்தா வீட்டுத் தாழ்வாரம் செய்த வேலை அது. அண்ணன் வீட்டில் தாழ்வாரமும் போயிருக்கும், முற்றமும் போயிருக்கும், வெறும் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் கீழே இறக்குகிறது. பக்கத்திலேயே பார்க்க வேண்டுமானால் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருக்கிறது. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம். காற்றுக்குத் திறந்து மூடும் பட்டைகள்தான் அதற்கு வெளிச்சுவர்.

பெரிய கோயிலைச் சொன்னீர்கள். நம் வண்டல் மண்ணில் பாறை ஏது? சோழ அரசி செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்கோயில்களாக மாற்றியபோதும், ராஜராஜன் 1010-ல் பெரிய கோயிலை முடித்தபோதும் கல் வெளியிலிருந்துதான் வந்தது. சிமெண்டும் அப்படி வந்ததுதான். ஒன்றில் மட்டும் முழுக்க உங்கள் பக்கம் நிற்கிறேன்: கான்கிரீட்டுக்கு மணல் அள்ளி அள்ளிக் கொள்ளிடம் பள்ளமாகிவிட்டது. தயவுசெய்து ஆற்று மணல் வாங்காதீர்கள், பாறையை உடைத்துச் செய்யும் நல்ல எம் சாண்ட் போதும்.

தளத்தை ஒரே நாளில் போடப் பாருங்கள். முடியாதென்றால் எங்கே நிறுத்துவது என்று இன்ஜினியரைக் கேட்டு முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மறுநாள் அந்த விளிம்பைக் கொத்திக் கழுவி, சிமெண்ட் பால் ஊற்றிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஐப்பசிக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். தேதி குறித்ததும் எழுதுங்கள், வருகிறேன்.