நாய்க்கு இரத்த நோய்: இன்னொரு டாக்டரைப் பார்க்கும் முன்

கேள்வி: எங்கள் ஷிட்சு பெண் நாய்க்கு 5 வயது, எடை 6 கிலோ. திடீரென்று சோர்ந்து படுத்துவிட்டாள். சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போனது. கிளினிக்கில் இரத்தம் பார்த்துவிட்டு, பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 16, உடலின் எதிர்ப்புச் சக்தியே சிவப்பணுக்களை அழிக்கிறது என்றார்கள். பிரட்னிசோலோன் 5 மி.கி. மாத்திரை தினம் இரண்டரை கொடுக்கிறோம். மூன்று நாளாகியும் எண் ஏறவில்லை. செர்டாங்கில் உள்ள பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொல்கிறார் அண்ணன். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போக வேண்டுமா? இப்போதைய டாக்டர் கோபித்துக்கொள்வாரா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். இந்த நோய்க்குத் தொடக்க அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.கி.; உங்கள் நாய்க்குக் கொடுக்கும் 12.5 மி.கி. அதற்குள்தான் வருகிறது. மூன்று நாளில் எண் ஏறாததை வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. அழிவு அடங்கி, எலும்பு மஜ்ஜை புது அணுக்களை அனுப்பி, எண் மேலே வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். பாதியில் நிறுத்தினால் அடங்கிய அழிவு மறுபடி கிளம்பும்.

டாக்டர் கோபித்துக்கொள்ள இதில் எதுவும் இல்லை. “ரெஃபரல் கடிதமும் எல்லா ரிப்போர்ட்டும் வேண்டும், டாக்டர்” என்று நேராகவே கேளுங்கள். சொல்லாமல் போனால் நஷ்டம் நாய்க்குத்தான். புது இடத்தில் அதே சோதனைகளுக்காக மறுபடி இரத்தம் எடுப்பார்கள்; இரத்தமே குறைந்து கிடக்கும் 6 கிலோ நாய்க்கு அது சின்ன விஷயமில்லை.

பயணம் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. பி.சி.வி. நாய்களுக்கு 37 முதல் 55 வரை இருக்க வேண்டும். 16-இல் நிற்கும் நாயைக் காரில் நான்கைந்து மணி நேரம் கொண்டு போவதற்கு முன், அவள் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 30-க்குள் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்பலாம். 40-ஐத் தாண்டினாலோ, எழுந்ததும் தள்ளாடினாலோ, மயங்கி விழுந்தாலோ, முதலில் பினாங்கிலேயே இரத்தம் ஏற்றக்கூடிய கிளினிக்கைத் தேடுங்கள். கருத்துக் கேட்க நாயே போக வேண்டும் என்றும் இல்லை. ரிப்போர்ட்டையும் ஸ்லைடின் (மைக்ரோஸ்கோப்பில் பார்க்க இரத்தம் தடவிய கண்ணாடித் துண்டின்) படங்களையும் அனுப்பி, இரண்டு டாக்டர்களும் போனில் பேசிக்கொள்வது பல நேரம் போதும்.

ரிப்போர்ட் என்றால், “அனீமியா” என்று எழுதிய ஒரு பக்கம் அல்ல. மெஷின் அச்சடித்த முழுத் தாள், ரெட்டிகுலோசைட் (மஜ்ஜை புதிதாக அனுப்பிய சிவப்பணு) எண்ணிக்கை, இரத்தத்தைச் சுழற்றிய குழாயில் பிளாஸ்மா என்ன நிறம், புரதம் எவ்வளவு என்ற குறிப்பு, எல்லாம் வேண்டும். பிளாஸ்மா மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் அணுக்கள் உடைகின்றன. நிறம் தெளிவாக இருந்து புரதமும் குறைந்திருந்தால், எங்கேயோ இரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். மருந்து தொடங்கிய நாள், ஒவ்வொன்றின் அளவு, கடைசியாகக் கொடுத்த உண்ணி மாத்திரை, தடுப்பூசித் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஸ்லைடு. சிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தத்தில் செய்த ஸ்லைடு கிளினிக்கில் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். ஸ்லைடை ஃபிரிஜ்ஜில் வைக்கக் கூடாது. ஃபார்மலின் பாட்டில் இருக்கும் பையிலும் போடக் கூடாது, அந்த ஆவி பட்டாலே சாயம் சரியாகப் பிடிக்காது. ஊதா மூடிக் குழாயில் உள்ள இரத்தத்துக்கு நேர்மாறு: குளிர் வேண்டும், ஆனால் பனிக்கட்டியாக உறையக் கூடாது. துண்டில் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸ்கட்டி நேரடியாகப் பட்டு உறைந்தால் அணுக்கள் வெடித்துவிடும்; பிறகு அந்த இரத்தத்தைப் பார்த்து எந்த டாக்டரும் ஒன்றும் சொல்ல முடியாது.

இனி, இரண்டாவது டாக்டரிடம் கேட்க வேண்டியது. நோயின் பெயரைச் சரிபார்ப்பதோடு விடாதீர்கள், “இதைத் தூண்டியது எது என்று தேடினார்களா?” என்று கேளுங்கள். ஒரு சொட்டு இரத்தத்தோடு நான்கு சொட்டு சலைன் கலந்தும் அணுக்கள் பிரியாமல் திட்டுத்திட்டாக ஒட்டி நிற்பது, நடுவில் வெளிறல் இல்லாத சிறிய உருண்டை அணுக்கள் நிறையத் தெரிவது, கூம்ஸ் டெஸ்ட் (சிவப்பணுக்களில் ஒட்டிய எதிர்ப்புப் பொருளைத் தேடுவது) பாசிட்டிவ் ஆவது – இவை எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலுக்கு அடையாளம். ஆனால் பேபீசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணி புகுந்தாலும் இதே அடையாளங்கள் வரலாம். உண்ணி வருடம் முழுக்க இருக்கும் நம் ஊரில் பேபீசியா பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) பார்க்காமல் விடுவதை எங்களால் ஏற்க முடியாது. பணம் ஒரு டெஸ்ட்டுக்குத்தான் போதும் என்றால் கூம்ஸைத் தள்ளிவைத்து இதைச் செய்யுங்கள். இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே அதற்கான மாதிரியை எடுத்துவிட வேண்டும். கிப்சோனி என்று உறுதியானால் அட்டோவக்குவோனும் அஸித்ரோமைசினும் சேர்த்து 10 நாள். வழக்கமான இமிடோகார்ப் ஊசி பெரிய வகைப் பேபீசியாவுக்கு நல்லது; கிப்சோனியை முழுதாக ஒழிக்காது.

இன்னொன்று, இரத்தக்கட்டி. இந்த நோயில் முதல் இரண்டு வாரத்தில் இறந்துபோகும் நாய்கள் பலவற்றுக்கு நுரையீரலில் கட்டி அடைத்திருக்கும். குளோபிடோக்ரெல் போன்ற, கட்டியைத் தடுக்கும் மருந்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணு) 30,000-க்குக் கீழே இருந்தால் டாக்டர் வேண்டுமென்றே தவிர்த்திருப்பார். அந்தக் காரணம் இல்லாமல் விட்டுப்போயிருந்தால் கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு மூக்கில் இரத்தம், வயிற்றில் சிவப்புப் புள்ளிகள். பிளேட்லெட் 18,000. முதல் கிளினிக், உண்ணிக் காய்ச்சல் என்று டாக்சிசைக்ளின் 28 நாள் என்றது. இரண்டாவது கிளினிக், ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ், இது ஆட்டோஇம்யூன் (உடலே தன் அணுக்களை அழிப்பது), ஸ்டீராய்டுதான் என்கிறது. யாரை நம்புவது?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். ரேபிட் டெஸ்ட் பார்ப்பது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் செய்த ஆன்டிபாடியை. தொற்று வந்த முதல் சில வாரங்களில் அது நெகட்டிவ் காட்டும். குணமான பிறகும் மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். எர்லிக்கியா (உண்ணிக் காய்ச்சல் கிருமி) பி.சி.ஆர்.தான் கிருமியைத் தேடும், அதையும் டாக்சிசைக்ளின் தொடங்கும் முன் எடுக்க வேண்டும். பல டாக்டர்கள் இரண்டு மருந்தையும் சேர்த்தே தொடங்கி, முடிவு வந்த பின் ஸ்டீராய்டைச் சீக்கிரம் குறைப்பதா, மாதக்கணக்கில் கொண்டுபோவதா என்று தீர்மானிப்பார்கள். ஆக, இந்த இரண்டு கருத்துக்கும் முதல் வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை; இரண்டாவது மாதத்தில்தான் இருக்கிறது.

18,000 என்ற எண்ணையும் ஸ்லைடில் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மெஷின் குறைவாக எண்ணும். மைக்ரோஸ்கோப்பின் ஆயில் லென்ஸில் ஒரு பரப்பில் தெரியும் ஒவ்வொரு பிளேட்லெட்டும் ஏறக்குறைய 15,000-க்குச் சமம். ஆனால் மூக்கில் இரத்தம் வரும் நாய்க்கு அந்த எண் பொய்யாக இருக்க வாய்ப்புக் குறைவு. வெள்ளணுக்களும் சிவப்பணுக்களும் சேர்ந்தே குறைந்திருந்தால் பேச்சு மாறும். எலும்பு மஜ்ஜையைப் பார்க்க வேண்டிவரலாம்.

டாக்சிசைக்ளின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மி.கி.; சோற்றோடு கொடுங்கள், இல்லாவிட்டால் வாந்தி. பால், கால்சியம், இரும்புச் சத்து டானிக் கூடவே கொடுத்தால் மருந்து உடலில் சேராது. பிளேட்லெட் ஏறும்வரை எலும்பு கடிக்க விடாதீர்கள். இரத்தம் எடுக்கும்போது கழுத்து நரம்பைத் தவிர்த்துக் காலில் எடுக்கச் சொல்லி, அந்த இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மலம் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால் அன்றிரவே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

கேள்வி: டெங்கிக்குக் குடிப்பதுபோல் நாய்க்கும் பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா? உண்ணிக்குப் பூண்டு நல்லது என்று பெட் ஷாப்பில் சொன்னார்கள். காய்ச்சலுக்குப் பனடோல்?
– வாசகி, பிறை

பதில்: பனடோல் வேண்டவே வேண்டாம்; நாயின் சிவப்பணுக்களையும் கல்லீரலையும் கெடுக்கும். பூண்டும் வெங்காயமும் சிவப்பணுக்களை உடைப்பவை. இரத்தம் குறைந்த நாய்க்கு மிச்சக் குழம்புச் சோறுகூட ஆகாது. கசப்பான பப்பாளிச் சாற்றை நாய் வாந்தி எடுத்தால், காலையில் கொடுத்த மாத்திரையும் அதோடு வந்துவிடும். நோயின் காரணத்தை அது தொடப்போவதும் இல்லை. பெட் ஷாப்காரர் சொல்வது மருத்துவக் கருத்து அல்ல. 1974-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவர்தான் இங்கே சிகிச்சை தரலாம். வாந்தியில் மாத்திரை முழுதாகக் கிடந்தால், நீங்களாகவே இன்னொன்று போடாமல் கிளினிக்கைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.