லாயர் செய்த தவறால் வீடு கைக்கு வரவில்லையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது, டெபாசிட் போய்விட்டது, லோனும் கிடைத்துவிட்டது, சாவி மட்டும் வரவில்லை. காரணம் கேட்டால் லாயர் ஆபீஸ். புது வீட்டு விவகாரம் வேறு. இங்கே உரிமையாளரிடமிருந்து வாங்கும் வீடுகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பட்டர்வொர்த்தில் 5 லட்சம் வெள்ளிக்கு வரிசை வீடு வாங்குகிறோம். எங்கள் லாயர் உரிமை மாற்றப் படிவமான பாரம் 14ஏ-யில் விற்பவரின் மைகாட் (அடையாள அட்டை) நம்பரைத் தப்பாக அடித்திருக்கிறார். நில அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. மறுபடி கையெழுத்து வாங்க ஒரு மாதம் ஆனது. இப்போது விற்பவர் 8 விழுக்காடு வட்டி கேட்கிறார். தப்பு எங்களுடையது இல்லையே?

உங்களுடையது இல்லைதான். ஆனால் விற்பவருடையதும் இல்லை. உங்கள் லாயர் உங்கள் சார்பில் வேலை செய்பவர். அவர் தாமதம் ஒப்பந்தப்படி உங்கள் தாமதமாகத்தான் எண்ணப்படும். வழக்கமான ஒப்பந்தத்தில் பாக்கிப் பணம் கட்ட மூன்று மாதம் தவணை. அது தாண்டினால் இன்னொரு மாதம் தானாக நீளும், அந்த மாதத்துக்கு வட்டி உண்டு. 10 விழுக்காடு கட்டியாகிவிட்டது என்றால் பாக்கி நாலரை லட்சம். 8 விழுக்காட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 100 வெள்ளி, மாதத்துக்கு 3,000. தவறு விற்பவர் பக்கமோ அவருடைய லாயர் பக்கமோ இருந்திருந்தால் பல ஒப்பந்தங்களில் அந்த நாட்களுக்கு வட்டி கிடையாது. உங்கள் விஷயம் அப்படி இல்லை.

வட்டியைக் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள், அதே தொகையை உங்கள் லாயரிடம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். நில அலுவலகம் திருப்பிய கடிதத்தின் நகல், தப்பான பாரத்தின் நகல், இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தர மறுத்தால், 5,000 வெள்ளி வரையிலான தொகைக்குச் சிறு கோரிக்கை வழக்கு போடலாம். அங்கே வாதாட லாயர் வைக்கவே முடியாது, நீங்களே பேசலாம்.

இதோடு ஒன்று. நம்மவர் பெயர்களில் இந்தச் சிக்கல் அதிகம். பழைய கிராண்டில் (நிலப் பட்டாவில்) பெயர் ஒரு மாதிரி, மைகாட்டில் இன்னொரு மாதிரி. மகன், மகள் என்று குறிக்கும் ஏ/எல், ஏ/பி சில இடங்களில் விடுபட்டிருக்கும். கிராண்டில் பழைய அடையாள அட்டை நம்பர் மட்டும் இருக்கும். இதற்குச் சத்தியப்பிரமாணம் தேவைப்படலாம், அதற்கும் நாள் பிடிக்கும். கையெழுத்துப் போடும் அன்றே மைகாட்டையும் கிராண்ட் நகலையும் பாரத்தின் பக்கத்தில் வைத்து, 12 எண்ணையும் விரலால் தொட்டுப் படித்துப் பாருங்கள். கிளார்க் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

ஐயா, லாயர் ரொம்ப லேட். என்ன செய்யலாம்? அவசரம். (கெப்போங்)

எந்தத் தேதியில் ஒப்பந்தம், ஃப்ரீஹோல்டா (நிரந்தர உரிமை) லீஸ்ஹோல்டா (குத்தகை உரிமை), எந்த வேலை நின்றிருக்கிறது, எதுவும் எழுதவில்லை. அவசரம் என்று எழுதத் தெரிந்தவருக்கு ஒப்பந்தத் தேதியை எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். அதை எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

செந்தூலில் லீஸ்ஹோல்ட் ஃபிளாட். உரிமை மாற்ற அனுமதிக்கு மனுப் போடவே லாயர் இரண்டு மாதம் இழுத்தார். மூன்று மாதத் தவணை தாண்டிவிட்டது, டெபாசிட் போய்விடும் என்று ஏஜென்ட் பயமுறுத்துகிறார்.

ஏஜென்ட்டை விடுங்கள், ஒப்பந்தத்தைப் படியுங்கள். லீஸ்ஹோல்ட் வீட்டுக்குப் பெரும்பாலும் அனுமதிக் கடிதம் கிடைத்த நாளிலிருந்துதான் மூன்று மாதம் ஓடத் தொடங்கும். மனுப் போடுவது யார் பொறுப்பு என்றும் பாருங்கள், பல ஒப்பந்தங்களில் அது விற்பவர் பக்கம். ஆனால் அனுமதி வாங்குவதற்கென்றே தனிக் கெடு இருக்கும், அதைத்தான் கவனிக்க வேண்டும். அது முடிவதற்குள் நீட்டிப்புக் கடிதம் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ‘ஓகே பாஸ்’ போதாது.

ஆயர் ஈத்தாமில் 5 லட்சம் வெள்ளிக்கு வீடு வாங்குகிறோம். ஏஜென்ட் சொன்ன லாயரையே எடுத்தோம். விற்பவருக்கும் அவரே. செலவு மிச்சம் என்றார்கள். இப்போது தவணை தாண்டிவிட்டது. லாயர் போனை எடுப்பதில்லை. விற்பவர் ஒப்பந்தத்தை ரத்து செய்வேன் என்கிறார்.

இதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகிறது, ஏனென்றால் இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் ஒழுங்காகப் போகும்வரை ஒரே லாயர் போதும் போலத்தான் தெரியும். தாமதம் என்று வந்துவிட்டால் விற்பவருக்கு வேண்டியது வட்டியும் ரத்தும், உங்களுக்கு வேண்டியது வட்டியில்லாத நீட்டிப்பு. இரண்டு கடிதத்தையும் ஒரே ஆள் எழுத முடியுமா? தாமதத்துக்குக் காரணமே அவர்தான் என்றால், அவர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி உங்களுக்கு யோசனை சொல்லப்போவது யார்? அவர் போனை எடுக்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும். இரண்டு பக்கமும் முட்டிக்கொண்ட பிறகு அவர் இருவருக்காகவும் நிற்கக் கூடாது.

மிச்சம் என்றார்களே, அது எவ்வளவு? 2023 ஜூலையிலிருந்து உள்ள கட்டண விதிப்படி முதல் 5 லட்சத்துக்கு 1.25 விழுக்காடு. 5 லட்சம் வீட்டுக்கு 6,250 வெள்ளி, சேவை வரியும் சேர்த்தால் 6,750. அதில் கொஞ்சம் குறையும் என்று நினைத்து 50,000 வெள்ளி டெபாசிட்டைப் பணயம் வைத்திருக்கிறீர்கள். டெவலப்பரின் லாயர் வாங்குபவருக்கும் லாயராக இருக்கக் கூடாது என்று 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டமே சொல்கிறது. ‘லாயர் ஃபீஸ் இலவசம்’ என்று புது வீட்டு விளம்பரத்தில் வரும் லாயர் டெவலப்பரின் லாயர், உங்களுடையவர் இல்லை. பழைய வீட்டில் சட்டம் அவ்வளவு கறாராக இல்லை என்பதற்காக ஆபத்து குறைந்துவிடாது. ஏஜென்ட்டுக்கு வேண்டியது கமிஷன், அது சீக்கிரம் முடிய வேண்டும் என்பதில்தான் அவருக்கு அக்கறை.

இப்போது செய்ய வேண்டியது. இந்த வாரமே உங்களுக்கென்று ஒரு லாயரைப் பிடியுங்கள். நீட்டிப்பு கேட்டு விற்பவருக்குக் கடிதம் போகட்டும், அவர் கையெழுத்தோடு பதில் வரட்டும். வட்டி தருகிறோம் என்று சொல்லிக் கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். டெபாசிட் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள், விற்பவரிடமே போய்விட்டதா, லாயரின் கிளையன்ட் கணக்கில் இருக்கிறதா என்று. நில அலுவலகத்தில் அதிகாரபூர்வ தேடல் எடுத்து, உங்கள் பேரில் கேவியட் (வீட்டை வேறு யாருக்கும் மாற்றவிடாத தடைப் பதிவு) பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே போடச் சொல்லுங்கள்.

லாயர் கேவியட் போட மறந்துவிட்டார். அது அவ்வளவு முக்கியமா? (பிரிக்பீல்ட்ஸ்)

முக்கியம். அது இல்லாவிட்டால் விற்பவர் அதே வீட்டை இன்னொருவருக்கு மாற்றுவதைத் தடுக்க உங்களிடம் எதுவும் இல்லை. இன்றே போடச் சொல்லுங்கள்.

முத்திரை வரியை லாயர் நேரத்தில் கட்டவில்லை. அபராதத்தை எங்கள் பில்லில் சேர்த்திருக்கிறார்.

பணத்தை நீங்கள் நேரத்தில் கொடுத்திருந்தால் கட்ட வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி 30 நாளுக்குள் முத்திரை பதிக்க வேண்டும். 2025 முதல், மூன்று மாதம் வரை தாமதத்துக்கு 50 வெள்ளி அல்லது பாக்கி வரியில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது. அதற்கு மேல் போனால் 100 வெள்ளி அல்லது 20 விழுக்காடு. நீங்கள் பணம் கொடுத்த தேதியையும் அவர் கட்டிய தேதியையும் ஒரே தாளில் எழுதி அனுப்புங்கள். எழுத்தில்.

லாயர் மேல் எங்கே புகார் கொடுப்பது? நஷ்டஈடு கிடைக்குமா? (கூலிம்)

இது இரண்டு கேள்வி, எல்லாரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். நடத்தை சரியில்லை, கடிதத்துக்குப் பதில் இல்லை, மாதக்கணக்கில் ஃபைல் கிடப்பில் என்றால் வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியம். அது கண்டிக்கும், அபராதம் போடும், தொழில் செய்யவே தடை விதிக்கும். உங்கள் நஷ்டத்தை அது வாங்கித் தராது. நஷ்டத்துக்கு கவனக்குறைவு என்று சிவில் வழக்குத்தான், பொதுவாக ஆறு ஆண்டுக்குள். லாயர்களுக்குத் தொழில் காப்புறுதி கட்டாயம் என்பதால் பணம் வர வழி உண்டு. நீங்கள் கோரிக்கை அனுப்பியதும் அவர் வாயை மூடிக்கொள்வார், பயந்துவிடாதீர்கள். தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது காப்புறுதி நிபந்தனை. வழக்கறிஞர் மன்றத்தின் இழப்பீட்டு நிதி, லாயர் பணத்தைக் கையாடினால் மட்டும். எழுத்துப்பிழைக்கும் தாமதத்துக்கும் அது இல்லை.

பாதியில் லாயரை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் இதுவரை செய்த வேலைக்குப் பாக்கி வைத்தால் பழையவர் ஃபைலைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பில்லை வகை பிரித்து எழுத்தில் கேளுங்கள், நியாயமானதைக் கட்டுங்கள், ஃபைலை வாங்குங்கள். தவணை முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் முதலில் நீட்டிப்புக் கடிதம், பிறகு லாயர் மாற்றம்.