வாசகர் கேள்வி பதில்: ஆற்றுக்குள் வராத உள்ளம்

கேள்வி: கொள்ளிடத்தில் ஒரு காலத்தில் உள்ளம் மீன் கூடை கூடையாகக் கிடைத்தது என்று எங்கள் தாத்தா சொல்வார். இப்போது கண்ணிலேயே படுவதில்லை. மேட்டூர் அணை வழியை மறித்ததுதான் காரணமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: தாத்தா கதை விடவில்லை. வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுகிறார்களே, அதே மீன்தான் நம்முடைய உள்ளம். வளர்வது கடலில், முட்டையிடுவது ஆற்றில். ஆடி வெள்ளம் கடலில் கலக்கும்போது அந்த நன்னீரைப் பிடித்துக்கொண்டு கூட்டமாக எதிர்நீச்சல் போட்டு ஏறும். அதன் வழியில் முதலில் குறுக்கிட்டது மேட்டூர் இல்லை, அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே, 1836-ல், அணைக்கரையில் கட்டிய கீழணை. மேட்டூர் (1934) செய்தது வேறு வேலை. தென்மேற்குப் பருவமழையில் கர்நாடகத்திலிருந்து இறங்கும் வெள்ளத்தை அது பிடித்து வைத்துக்கொண்டது. திறந்துவிடும் தண்ணீரும் கல்லணையில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக வயலுக்குப் போய்விடும், முகத்துவாரம் வரை மிஞ்சுவது கொஞ்சம்தான். வா என்று கூப்பிட ஆற்றில் தண்ணீரே இல்லாதபோது மீன் எதை நம்பி உள்ளே வரும்?

கேள்வி: அமெரிக்காவில் அணையை ஒட்டி மீன் ஏறுவதற்குப் படிக்கட்டு கட்டியிருப்பதை வீடியோவில் பார்த்தேன். இங்கேயும் கட்டினால் என்ன? (சேலம் வாசகர்)

பதில்: நீங்கள் பார்த்தது சால்மனாக இருக்கும். கொலம்பியா ஆற்றின் பான்வில் அணையில் 1938-லிருந்தே அப்படிப் படிகள் உண்டு. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்து, ஏறிப்போகும் மீன்களை எண்ணுகிறார்கள். சரி, சால்மன் துள்ளும். உள்ளம் துள்ளாது, அந்தப் படிகளில் உள்ள குறுகலான தொட்டிக்குள் நுழையவே தயங்கும். அதன் உறவுக்கார மீனான அமெரிக்க ஷாடுக்கும் இதே சுபாவம்தான், சால்மன் ஏறும் பல ஏணிகளில் அது ஏறுவதில்லை.

கங்கையைப் பாருங்கள். கொல்கத்தா துறைமுகத்தில் சேரும் வண்டலை அடித்துப் போக ஹூக்ளி ஆற்றுக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும் என்று கட்டிய ஃபராக்கா தடுப்பணை 1975-ல் இயங்க ஆரம்பித்தது. அதுவரை அலகாபாத்தையும் தாண்டி ஏறிக்கொண்டிருந்த இலிஷ், அதற்கப்புறம் அந்தப் பக்கம் அரிதாகிப் போனது. இப்போது பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார், அணைக்குக் கீழே பிடித்த மீன்களை உயிரோடு கொண்டுபோய் மேலே விடுகிறார்கள். தண்ணீரை விட்டு எடுத்த கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போகிற மீன் அது, சாதாரண வேலை இல்லை!

இதில் இன்னொரு சங்கதி. எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறோம், குஞ்சு திரும்ப இறங்க வேண்டாமா? ஓடுகிற ஆற்றில் ஓட்டமே அதைக் கடலுக்குக் கொண்டு சேர்த்துவிடும். நீர்த்தேக்கத்தில் ஓட்டம் செத்துவிடுவதால் வழி தெரியாமல் சுற்றும், பெரிய மீன்கள் தின்றது போக மிச்சம் மின்சாரம் எடுக்கச் சுழலும் டர்பைனில் மாட்டும். ஏணி கட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: அப்படியானால் விலாங்கு மட்டும் தடுப்பணைக்கு மேலேயும் கிடைக்கிறதே? (ஈரோடு வாசகர்)

பதில்: விலாங்கு எல்லாவற்றிலும் தலைகீழ். பிறப்பது கடலில், வளர்வது ஆற்றில். ஆற்றுக்குள் ஏறும் வயதில் அது விரல் நீளம்தான் இருக்கும். கசிவு ஈரமும் பாசியும் உள்ள சொரசொரப்பான சுவர் கிடைத்தால் உடம்பை ஒட்டிக்கொண்டு நெளிந்தே ஏறிவிடும். ஐரோப்பாவில் இதற்கென்றே பிரஷ் பதித்த சரிவுகளை வைக்கிறார்கள். வருஷக்கணக்கில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குத் திரும்பும்போதுதான் ஆபத்து, உடம்பு நீளம் என்பதால் டர்பைன் இலையில் அடிபடும் வாய்ப்பும் அதிகம்.

கேள்வி: மீனுக்காக அணையை இடித்த ஊர் உண்டா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றில் 1913-லும் 1927-லும் கட்டிய இரண்டு அணைகளை 2011-ல் உடைக்க ஆரம்பித்து 2014-ல் முடித்தார்கள். அணை இருந்த இடத்தைத் தாண்டி சால்மன் மறுபடி ஏறுகிறது. அவை மின்சாரத்துக்காகக் கட்டியவை, அவற்றை நம்பி ஒரு டெல்டா இல்லை. மேட்டூரை இடி என்று சொல்ல எனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? நல்ல மழை வருஷங்களில் ஆடி, ஆவணியில் சில நாட்களாவது கொள்ளிடத்தில் கடல் வரை தண்ணீர் விடுவதைத் திட்டமிட்டுச் செய்யலாம், கீழணையில் உள்ளத்துக்கு ஏற்ற வழி ஒன்றையும் சேர்த்து.